இருபத்தொரு கிலோ

எங்கள் அப்பா பெட்ரோலைக் கடைசிவரை எசான்ஸ் என்றுதான் சொன்னார். பிரெஞ்சு அதிகாரி ஒருவருக்குப் பல வருஷம் கார் ஓட்டியவர். கொடி மாறி அந்தத் துரை கப்பலேறியபோது, அதற்குள் கிழடு தட்டியிருந்த தன் சின்னக் காரை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். நெல்லித்தோப்பில் எங்கள் சந்துக்குள் அது வந்து நின்ற அன்று, பிள்ளைகள் முன்பக்க மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளே எஞ்சினே இல்லை என்று சிரித்தார்கள். அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால் இருந்தது.

அப்பாவுக்கு ஓர் எண்ணெய் மண்டியில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. எங்களுக்குக் காரில் போக வேண்டிய இடம் எதுவும் இல்லாததால் அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார். எனக்கு எட்டு வயதானபோது அம்மாவுக்குக் காசநோய் என்று சொன்னார்கள். விழுப்புரத்தைத் தாண்டி, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஆஸ்பத்திரி ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தார். அவர் அப்பாவின் அக்கா.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்க விடுவார்கள். இரண்டு பஸ் மாறி, பிறகு நடந்தும் போய்ச் சேர்வதற்குள் பார்க்கும் நேரம் முடிந்துவிடும். அப்பா தார்ப்பாயை எடுத்தார்.

கார் ஓடியது. ஆனால் கறுப்புப் புகை விட்டுக்கொண்டு, ஊற்ற ஊற்றக் குடித்தது. அப்பாவின் சம்பளத்தில் மாதத்துக்கு ஒரு டாங்கிதான் நிரப்ப முடியும். அதில் இரண்டு தடவை போய்வருவதே பாடாக இருந்தது. மற்ற ஞாயிறுகளில் அவர் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு, மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வந்து காரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"கம்மியா குடிக்க வெச்சிட்டா வாராவாரம் போவலாம் பாப்பா" என்றார் ஒருநாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் லாரியை விட்டு வந்ததும் காரோடு மல்லுக்கு நின்றார். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். காற்று வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசினார். ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கியில் தூக்கி, என்னைச் சுற்றிவிடச் சொன்னார். ஒரு சக்கரம் இரண்டு சுற்றிலேயே நின்றது. பிரேக் எந்நேரமும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதைத் தளர்த்தியதும் சக்கரம் ஏழு சுற்று சுற்றியது. நான் எண்ணிச் சொன்னேன். பல நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தது அன்றுதான்.

ஒரு லிட்டர் பாட்டிலில் பெட்ரோலை அளந்து எஞ்சினுக்கு மேலே கட்டி, டாங்கிக் குழாயைப் பிடுங்கிவிட்டு, அதில் மட்டும் ஓட்டிப் பார்ப்பார். எந்த இடத்தில் வண்டி நிற்கிறது என்பதுதான் கணக்கு. முதல் தடவை அரியாங்குப்பத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றது. பிறகு மெல்ல மெல்லக் கடலூர் பக்கம் தள்ளிப்போனது. மாட்டுவண்டி எதிரில் தெரிந்தால் முன்கூட்டியே காலை எடுத்து, வண்டியைத் தானாக உருளவிடுவார். நின்ற வண்டியை ஓரமாகத் தள்ளும்போது நான் பின்னாலிருந்து கைகொடுப்பேன். பிறகு டாங்கிக் குழாயை மாட்டித் திரும்புவோம்.

அந்த மாதம் மூன்று ஞாயிறு போனோம்.

மூன்றாவது ஞாயிற்றில் அம்மாவை வராந்தாவில் கட்டிலோடு போட்டிருந்தார்கள். என்னை வேப்பமரத்துக்குக் கீழேயே நிறுத்தினார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு இருமல் வந்தது. அது நிற்கவில்லை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நான் கவுன் போட்டு வாசலுக்கு வந்தபோது, காரில் அவருடைய இருக்கை மட்டும்தான் இருந்தது. மற்ற இருக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்.

"பாரம் கொறையணும் பாப்பா. நீ வந்தா எசான்ஸ் கூட ஆவுது. நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்" என்றார்.

அம்மா அவரிடம் சொன்னது என்ன என்பதை, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு அத்தைதான் சொன்னார். "புள்ளைய இனிமே இட்டாராதீங்க. என்ன இந்தக் கோலத்துல அது நெனப்புல வெச்சிக்க வேணாம்" என்றாராம். அம்மா உன்னை வரவேண்டாம் என்கிறாள் என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அப்பா பழியைக் காரின்மேல் போட்டார்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்பினேன். சக்கரம் சுற்றியதையும் பாட்டில் காலியாவதையும் கண்ணால் பார்த்தவள் நான். பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி கூடுதல் தூரம் ஓடும், நான் இளைத்தாலும் ஓடும். முனையிலிருந்த அரிசிக் கடைக்காரரிடம் கெஞ்சி, மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். இருபத்தொரு கிலோ என்றார்.

சோற்றைக் குறைக்க ஆரம்பித்தேன். அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் தட்டில் பாதியைக் கொல்லைக் கோழிகளுக்குப் போட்டேன். காலை இட்லியைப் பாவாடையில் மறைத்துக்கொண்டுபோய் வழியில் நாய்க்கு வீசினேன். பசியில் வயிறு வலிக்கும்போது, வேப்பமரத்தடியில் போய் நிற்பதை நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிற்று. அத்தை ஒருநாள் தலை வாரிவிடும்போது என் தோள் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுச் சீப்பைக் கீழே போட்டார். "தம்பி, இதுக்கும் வந்துருச்சிடா" என்றார். மறுநாள் அத்தை என்னைப் புஷ்புஷ் ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைப் படம் எடுக்கவைத்தார். நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன்.

படத்தில் ஒன்றுமில்லை என்றதை வீட்டில் யாரும் முழுசாக நம்பவில்லை. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தது. அப்பா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். என்னைப்பற்றி அம்மாவிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வந்ததே இல்லை. தன்னுடைய நோய் எனக்கும் வந்துவிட்டது என்ற நினைப்போடுதான் அம்மா போனாரோ என்பதை மட்டும் இந்த வயதிலும் என்னால் யோசித்து முடிக்க முடியவில்லை.

ஒரு புதன்கிழமை தந்தி வந்தது. அப்பாவும் அத்தையும் போனார்கள். அத்தை காரின் வெறும் தகட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டு போனார். நோய் முற்றிச் செத்த உடம்பை அவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டாம் என்று, அந்த ஊர்க் கோயில் கல்லறையிலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். எனக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார்கள். அதிலும் பாதியை வைத்துவிட்டேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு அங்கே போவது என்று முடிவாயிற்று. முந்தின நாள் அப்பா சுவரோரம் கிடந்த இருக்கைகளைத் தூசி தட்டி, ஒவ்வொன்றாக உள்ளே வைத்து முடுக்கினார். நான் பக்கத்தில் நின்று நட்டு எடுத்துக் கொடுத்தேன்.

"நாளைக்கு நீயும் வர்ற. அம்மாவப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

"நான் வரலப்பா."

"ஏம்மா?"

"இன்னும் பதினெட்டு கிலோ இருக்கேன். அரிசிக் கடையில நேத்துதான் எட போட்டாரு. நீயும் அத்தையும் போங்க. நானும் வந்தா எசான்ஸ் பத்தாது."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அதுக்காகவா சாப்புடாம கெடந்த?"

ஆமாம் என்று தலையாட்டினேன். கண்டுபிடித்துவிட்டார், இனி அடி விழும் என்று பயந்து இரண்டு அடி பின்னால் போனேன். அப்பா என்னை அடிக்கவில்லை. எழுந்து வண்டியின் பின்னால் போய், எஞ்சின் மூடியைத் தூக்கி, அதற்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் கை எதையும் தொடவில்லை. முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரமாகி அத்தை வந்து கூப்பிட்டபோது, சத்தம் போடாதே என்று அவருக்குச் சைகை காட்டினேன். வண்டியில் ஏதோ பெரிய கோளாறு, அப்பா அதைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.