அந்நியர் கை பட்டால்

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் 'மெதுவா அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் எதைத் தூக்கினாலும், பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று ஒரு குரல் வரும். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால்கூட வரும். பதினேழு வருடமாகக் கிடங்கில் அவளுக்கு ஒரே வேலைதான். பழைய பொருள்களின் மேல் படிந்த தூசியை, பொருளுக்கு வலிக்காமல் எடுக்க வேண்டும்.

உலகத்தின் பாதித் தெய்வங்கள் அவள் கையால் முகம் கழுவிக்கொண்டவை. பன்றிப் பல் வைத்த காவல் பொம்மைகள், செத்தவர்களை அக்கரை சேர்க்கும் கையகலப் படகுகள், மழையைக் கூப்பிடும் எலும்புக் குழல்கள் எல்லாவற்றையும் துடைத்து, பக்கத்தில் இருக்கும் குறிப்பு அட்டையை வாய்விட்டுப் படித்து, திரும்ப அலமாரியில் வைப்பாள். பயம் என்பதே அவளுக்கு இருந்ததில்லை. "ராத்திரி கனவுல வராதாக்கா இதெல்லாம்?" என்று வாயில் காவலாளி கேட்டால், "என் கனவுல வர்றதுக்கு இதுங்களுக்கு ஏது நேரம்? அங்க என் நாத்தனாரே இடம் விட மாட்டேங்கிறா" என்பாள்.

அந்த வருடம் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். எழுபது வருடம் மூடிக் கிடந்தது. உள்ளே ஒரு மர முகமூடி இருந்தது. நெற்றியில் இறகுகள், கன்னத்தில் கறுப்பும் சிவப்புமாகக் கோடுகள், உதடு குவிந்து, ஊதுவதுபோல ஒரு வட்ட வாய். தொலைவில் ஒரு மலைக்குடியைச் சேர்ந்தவர்கள், இது எங்களுடையது, திருப்பிக் கொடுங்கள் என்று ஒன்பது வருடமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சரி என்று முடிவாகியிருந்தது. கொடுப்பதற்கு முன் சுத்தம் செய்ய வேண்டும்.

பெட்டியின் மூடிக்குள் ஒரு அட்டையை ஆணியால் அடித்திருந்தார்கள். இடது பக்கமாகச் சாய்ந்த எழுத்து. 'தன் குடிக்கு இது தீங்கு செய்யாது. அந்நியர் கை பட்டால், கால் முதல் தலை வரை கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும்.'

வழக்கம்போல அவள் அதையும் வாய்விட்டுப் படித்தாள். வழக்கம்போலச் சிரிக்கவும் செய்தாள்.

ஆறு வாரம் அந்த முகமூடியோடு இருந்தாள். கையுறை போட்டால் இறகில் நூல் மாட்டும் என்று கழற்றி வைத்தாள். மற்றப் பொருள்களுக்கு உலர்ந்த துணியே போதும்; இதன் வண்ணத்தின் மேல் தண்ணீர் படக் கூடாது, எச்சில்தான் பதம். பஞ்சுக் குச்சியை நாக்கில் தொட்டு, கோட்டின் மேல் உருட்டி, மறுபடி நாக்கில் தொட்டு உருட்டுவாள். குவிந்த வாயின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ தூள் படிந்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கும் என்று நினைத்துச் சுரண்டி எடுத்தாள்.

ஏழாவது வாரம் அவளுடைய பாதம் மரத்தது.

முதலில் செருப்பின் மேல் பழி போட்டாள். பிறகு ஒரு காலை, குளியலறையில் சூடான தண்ணீரைக் காலில் ஊற்றியபோது, சூடு தெரியவில்லை. ஆவி மட்டும் தெரிந்தது. தோல் சிவந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் காலை இழுத்துக்கொண்டாள். அதே வாரம் சோறு வயிற்றில் தங்கவில்லை. அடுத்த வாரம் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது.

ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பத்து நகத்திலும், ஒரே உயரத்தில், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. யாரோ அளவுகோல் வைத்துப் போட்டதுபோல இருந்தது.

காவலாளி பார்த்தான். அவன் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

"அக்கா, கால்லதானே ஆரம்பிச்சது?"

"ஆமா."

"அப்புறம் வயிறு, கை. இப்ப முடி." அவன் குரலைத் தாழ்த்தினான். "அட்டையில போட்டிருக்கிற வரிசைதான்க்கா இது. இனிமே அத நீங்க தொடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

பதினேழு வருடம் வாய்விட்டுப் படித்த அட்டைகள் எல்லாம் அன்றைக்கு அவள் மேல் ஏறி உட்கார்ந்தன. ஒரு தீவில், கெட்டது பின்தொடராமல் இருக்கப் பின்புறமாக நடந்து வெளியேறுவார்களாம். அவளும் கிடங்கிலிருந்து பின்புறமாக நடந்து வந்தாள். பனி நாட்டில் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டால் ஆவிக்கு ஆள் அடையாளம் தெரியாதாம். அவளும் ரவிக்கையை மாற்றிப் போட்டுக்கொண்டு, மேலே வேலைக் கோட்டை மாட்டிப் பொத்தான் போட்டாள். பாலைவனத்து மக்கள் கெட்ட ஆவியின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். அவளும் முகமூடியை 'அது' என்று மட்டுமே சொன்னாள். எது பலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அத்தனை பேரும் பயந்திருக்கிறார்கள் என்றால், அத்தனை பேருமா பைத்தியம்?

வீட்டில் பயம் இன்னும் பெரிதாக இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மருமகன் ஊரில் இல்லாததால், ஏழு மாதக் கர்ப்பமான மகள் இவர்களோடுதான் இருந்தாள். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கூப்பிடும்போதெல்லாம் இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா, தீட்டுப் பட்ட மாதிரி நிக்கிற?"

"கையெல்லாம் தூசிடி."

"இப்பத்தானே வாசல்லயே கழுவின? மூணாவது தடவ."

பேருந்து ஓட்டும் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவளுடைய ரவிக்கையின் தையல் வெளியே தெரிவதை நான்கு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள், "சாமிகிட்ட அப்புறம் பேசிக்கலாம், முதல்ல டாக்டர்கிட்ட வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

மருத்துவர் ஒரு இளம்பெண். நகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு மூன்று கேள்வி கேட்டாள். வேலை என்ன? எதையெல்லாம் தொடுவீர்கள்? வாயில் எதையாவது வைப்பீர்களா? பஞ்சுக் குச்சி விஷயத்தைச் சொன்னதும் மருத்துவர் கண்ணை மூடித் திறந்தாள். முடியும் சிறுநீரும் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஆறு நாள் ஆகும் என்றார்கள்.

ஆறாம் நாள்தான் மலைக்குடியினர் வந்தார்கள். ஒரு பெரியவர், அவருடைய தங்கை மகள். பெரியவருக்கு நம் மொழி கொஞ்சம் வரும்; வராததை அந்தப் பெண் சொன்னாள். காலை பதினொரு மணிக்கு வரவேற்புக் கூடத்தில் ஒப்படைப்பு. நாற்காலிகள் போட்டு, மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் அதை வைத்திருந்தார்கள்.

பத்தே முக்காலுக்கு அவளுக்குத் தொலைபேசி வந்தது.

"ஆர்சனிக்," என்றாள் மருத்துவர். "விஷம்மா. இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகமா இருக்கு. அந்த வெள்ளைத் தூள யாரும் தொடக் கூடாது. நீங்க உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மரத்த காலோடு பதிவேட்டு அறைக்கு ஓடினாள். எழுபது வருடத்துக்கு முந்தைய கிடங்குப் பதிவேடு மேல் தட்டில் இருந்தது. இழுத்துப் பிரித்தாள். பூச்சி அரிக்காமல் இருக்க, இறகும் மயிரும் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை ஆர்சனிக் தூள், வாய், கண், காது உட்பட. அடுத்தடுத்த பக்கங்களில்: உதவியாளருக்குக் கால் மரத்துவிட்டது, விடுப்பு. இரண்டாம் உதவியாளருக்கும் அவ்வாறே. முடி உதிர்கிறது. மூன்றாமவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எழுத்து இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெட்டிக்குள் ஆணியடித்த அட்டையில் இருந்த அதே எழுத்து. தூளைத் தூவியவரே ஆட்கள் விழுவதைப் பார்த்துப் பயந்துபோய் சாபத்தையும் எழுதி வைத்திருக்கிறார்.

கூடத்துக்கு அவள் வந்தபோது கைதட்டல் முடிந்திருந்தது. இயக்குநர் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். பெரியவர் முகமூடியை இரண்டு கையாலும் எடுத்து, உட்பக்கத்தைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். தங்கை மகள் எல்லோருக்கும் விளக்கினாள்: "கையில வாங்கினதும் ஒரு தடவ அதோட வாய் வழியா மூச்சு இழுத்து விடணும். அப்பதான் அது முழிச்சுக்கும்."

"வேண்டாம்! ஐயா, வச்சிடுங்க! வாய்கிட்ட கொண்டு போகாதீங்க!"

பதினேழு வருடத்தில் அவள் 'மெதுவா' என்று சொல்லாமல் கத்தியது அன்றுதான். கூடம் திரும்பியது. இயக்குநர் எழுந்து, "யாரு இவங்கள உள்ள விட்டது?" என்றார். பெரியவரின் கை நடுவழியில் நின்றது. முகத்துக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அவள் பத்து விரலையும் விரித்து அவருக்கு முன்னால் நீட்டினாள். பதிவேட்டை மேசையில் வைத்துப் பக்கத்தைத் திறந்தாள். தங்கை மகள் அதைப் படித்து, அவர் காதில் மெல்லச் சொன்னாள். பெரியவர் முகமூடியை வெள்ளைத் துணிமேல் இறக்கினார். தூக்கத்திலிருக்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல அவ்வளவு மெதுவாக இறக்கினார். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள ஒரு அட்டை இருந்தது," என்று அவள் திக்கித் திக்கிக் கேட்டாள், "அந்நியங்க தொட்டா வாங்கிக்கும்னு நீங்கதான் சொல்வீங்களாமே?"

பெரியவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்க ஆளுங்க யாரும் அப்படிச் சொன்னதில்லம்மா. இது யாரையும் தண்டிக்காது. காய்ச்சல்ல கிடக்கிற குழந்தைக்கு மேல குனிஞ்சு, இந்த வாயால ஊதுவோம். சூடு இறங்கட்டும்னு." அவர் துணிமேல் கிடந்த முகமூடியைப் பார்த்தார். "இத வச்சா நான் குழந்தைங்க மூஞ்சில ஊதியிருப்பேன்? நாலு குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்கு."

சாபம் என்று நினைத்திருந்தவரைக்கும் அவளுக்குப் பின்புறமாக நடக்கவாவது ஒரு வழி இருந்தது. இதற்கு எந்த அட்டையிலும் மாற்று எழுதியிருக்கவில்லை.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஊசியும் மாத்திரையுமாகப் போனது. வீட்டுக்கு அனுப்பும்போது, குழந்தைக்கு ஆபத்தில்லையா என்று மூன்று முறை கேட்டாள். மகளுக்கும் சோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. வாசலிலேயே அப்படிக் கைகழுவியது நல்லதாகப் போயிற்று என்றாள் மருத்துவர். எந்த நாட்டு அட்டையைப் பார்த்து அவள் கழுவினாள் என்பதை அவள் சொல்லவில்லை. பாதத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. படி இறங்கும்போது இன்றும் கீழே பார்த்துத்தான் கால் வைக்கிறாள்.

அருங்காட்சியகம் பயந்துபோனது. கிடங்கில் இறகும் மயிரும் உள்ள பெட்டிகள் இருநூற்றுச் சொச்சம். எதில் வெள்ளைத் தூள் பார்த்தோம் என்பது அவளுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. நுழைவுச்சீட்டு விற்கும் இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றார் இயக்குநர். அவளும் போகத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் அவள் போய்விட்டால், வேறு யாரோ ஒருவர் பஞ்சுக் குச்சியை நாக்கில் தொடுவார். மூச்சுக் கவசமும் இரட்டைக் கையுறையும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகச் சிவப்புச் சீட்டு ஒட்டினாள். கதவைத் திறக்கும்முன் ஒவ்வொரு முறையும் கையுறையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அந்தப் பயம் பழகவே இல்லை.

நான்கு மாதம் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தார். காற்றுப் புகாத கண்ணாடிப் பேழையில் முகமூடியை வைத்து மூடியிருந்தார்கள். அதை இனி யாரும் அணிய முடியாது. அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செதுக்கப்போவதாகத் தங்கை மகள் சொன்னாள்.

"புதுசு வேலை செய்யுமா?" என்று அவள் கேட்டாள்.

"தெரியல," என்றார் பெரியவர். "எங்களுக்கும் பயமாத்தான் இருக்கு."

பேழையை வண்டி வரைக்கும் அவள்தான் தூக்கி வர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தக் குவிந்த வாய் அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. நடந்து முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டாள். வண்டியின் பின்கதவு மூடியதும், காவலாளி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்கார்ந்தாள். நாலு முறை மூச்சை இழுத்து விட்டபிறகு எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு இன்னும் பதினோரு பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது.