மேட்டுக்குப் போனவர்கள்

பின்லாந்தில் யாருடைய காட்டிலும் யாரும் புகுந்து பழம் பறிக்கலாம். செப்டம்பரில் பக்கத்து வீட்டு மார்யா என்னைக் கூட்டிப்போனபோது, "காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றேன். "எதை?" என்றாள் புரியாமல். சென்னையில் எங்கள் செம்பாக்கத்தில் அடுத்த வீட்டு முருங்கைக் கிளை நம் பக்கம் தொங்கினாலே பஞ்சாயத்து. இங்கே வாளி வாளியாய் லிங்கன்பெர்ரிப் பழம், கேட்க ஆளில்லை. திருடியைப் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பறித்தேன்.

இப்போது நவம்பர். வெளியே பனி. மாதக் கடைசிக்குள் இந்த வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டும், வேறு வீடு அமையவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது செம்பாக்கத்திலிருந்து எதிர்வீட்டுச் செல்வம் வீடியோவில் வந்தான்.

"அக்கா, தெருல முட்டி வரைக்கும் தண்ணி. போட் வந்து நின்னுகினு கீது. அங்கிள் இன்னா சொன்னாலும் ஏற மாட்டேங்கறாரு. பேஜாரா கீதுக்கா, நீயே சொல்லு."

போன் அப்பாவின் கைக்கு மாறியது. அம்மா போனபின் அந்த வீட்டில் அவர் மட்டும்தான். கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அரிசி மூட்டை.

"ஏரிக்கரை இருளர் ஜனங்க காலையிலேயே பானையும் பசங்களுமா மேட்டுக்குப் போயாச்சும்மா. நான் எப்படி வர்றது? பீரோ இருக்கு, பிரிட்ஜ் இருக்கு, யார் பாத்துப்பா?"

"அவங்க குடிசையும்தாம்ப்பா முழுகிப்போச்சு! அவங்க போகலையா?"

அப்பா அரிசி மூட்டையை இன்னும் கிட்டே நகர்த்தினார். மனிதன் வேட்டையாடி அலைந்தான், பிறகு பயிர் செய்து ஓரிடத்தில் தங்கினான், நாகரிகம் வளர்ந்தது என்று ஏழாம் வகுப்பில் எனக்கு உருப்போட வைத்தவர் இவர்தான். ஏரித்தண்ணீர் பாய்ந்த நெல்வயலை பிளாட் போட்டு விற்றபோது, ரயில்வே குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறி அலுத்துப்போய் ஓடிவந்து வாங்கியவரும் இவர்தான். வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றார்கள். வீட்டை விட்டுப்பார் என்று ஒரு புண்ணியவானும் சொல்லிவைக்கவில்லையே!

கெஞ்சினேன், கத்தினேன், அழுதேன். இவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன செய்ய? "நாளைக்கு வடிஞ்சிடும்" என்றார் சாவதானமாக. படகு அடுத்த தெருவுக்குப் போய்விட்டதாகச் செல்வத்தின் குரல் கேட்டது.

அப்பா காலை மேலே இழுத்துக்கொண்டார். கட்டில் சட்டம்வரை தண்ணீர் ஏறியிருந்தது.

"அதை விடு. உனக்கு வீடு கெடச்சுதா, இல்லையா? இந்தக் குளிர்ல எங்கம்மா போவ?"

"கெடச்சுதுப்பா" என்றேன், அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்தபடி.