குசினிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள்

பழைய மோட்டார் சைக்கிளைச் செப்பனிடும் தொழிலுக்கு இரண்டு பேர் வேண்டும்: கழற்றிப் போட ஒருவர், கழற்றிப் போட்டதைத் தாண்டித் தாண்டி நடக்க ஒருவர். நான் இரண்டாம் ஆள். இடுப்பில் பிள்ளையோடு தாண்டுகிறவள் என்பதால் எனக்கு அனுபவம் கொஞ்சம் கூடுதல்.

எதையாவது சரி செய்கிறேன் என்று புருஷன் தூக்கிக்கொண்டு வந்ததால் வீடே சரியில்லாமல் போன சகோதரிகள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். கடிகாரமோ, ஹார்மோனியமோ, தையல் மிஷினோ, உங்களுக்கு வாய்த்தது எதுவானாலும் சரி, அதற்குப் பெட்ரோல் ஊற்ற வேண்டாம் என்றால் நீங்கள் புண்ணியவதிகள். பாப்பா தூங்கிவிட்டாள். அவர் பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிப் புத்தகத்தின்மேல் கன்னத்தை வைத்திருக்கிறார். கிடைத்த நேரத்தில் எழுதிவிடுகிறேன்.

செத்த குதிரை

என் வீட்டுக்காரர் டாக்டருக்குப் படிக்கிறவர். படித்து முடிக்க இன்னும் காலம் இருக்கிறது. ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது, தம் மோட்டார் சைக்கிளை யாருக்கும் வேண்டாத சாமானாகக் கொட்டகையிலேயே விட்டுப் போனாராம். மழையில் நனைந்து, கோழி அடைந்து, துருப்பிடித்துக் கிடந்த அதை என் வீட்டுக்காரரும், அவரோடு படிக்கும் சூசையும் மத்தியான வெயிலில் சிராங்கூன் ரோடு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். சீட்டுக்குள் வைக்கோல்கூட இருந்தது.

"எதற்கு இது?" என்று கேட்டேன். "பாப்பாவுக்கு அவசரம் ஆபத்தென்றால் ஆஸ்பத்திரிக்குப் பறந்து போகலாமே" என்றார். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். அதைச் சொன்னால் தாய்க்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டேன். பக்கத்து மளிகைக் கடை மரைக்காயர் மூடிக்கொள்ளவில்லை. கடைவாசல்களை ஒட்டிய அஞ்சடிப் பாதையில் நின்று வண்டியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குதிரை செத்துப்போனா வெளியே கொண்டுபோய்ப் பொதைப்பாங்க. நீங்க என்ன வீட்டுக்குள்ள கொண்டாறீங்க?"

எலும்புப் பெட்டி

மாணவர் செய்கிற மராமத்துக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. கழற்றுவதற்கு லீவு நாள் கிடைக்கும். மாட்டுவதற்குள் பரீட்சை வந்துவிடும். எஞ்சினைப் பிரித்த மறுநாளே ஏதோ பரீட்சைத் தேதி ஒட்டிவிட்டார்கள் என்றார். அது முடிகிற வரை என் துணி துவைக்கும் தொட்டியில் சிலிண்டரும், அரிசிப் பானை மூடியில் வால்வுகளும் குடித்தனம் நடத்தின. "எதையும் இடம் மாற்றாதே, எல்லாம் வரிசையாக இருக்கிறது" என்று உத்தரவு வேறு. அந்த வரிசையை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

சின்னச் சின்ன நட்டுகளைப் பாப்பா வாயில் போட்டுக்கொள்வாளே என்று பயந்து நான் கத்தினேன். அவர் அவற்றை வாரி, படிப்புக்காகக் கட்டிலடியில் வைத்திருக்கும் எலும்புப் பெட்டிக்குள் போட்டார். வாய்மொழிப் பரீட்சை அன்றைக்கு அந்தப் பெட்டியோடு போய் நின்றிருக்கிறார். மணிக்கட்டு எலும்பு ஒன்றை எடுத்துக் காட்டு என்றாராம் வெள்ளைக்காரப் புரொபஸர். இவர் பெட்டிக்குள் கைவிட்டு, எண்ணெய் வழிகிற நட்டு ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார். புரொபஸர் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இந்த நோயாளி ஒரு காலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் ஓடுவார்?"

நல்லொழுக்கம்

கான்வென்டில் எனக்குக் கொடுத்த பரிசு அட்டைகள் இரண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். ஒன்று நல்லொழுக்கத்துக்கு, மற்றது கணக்குக்கு. ஒருநாள் கோயிலிலிருந்து வந்து பார்க்கிறேன், நல்லொழுக்கச் சட்டம் காலியாகத் தொங்குகிறது. சிலிண்டருக்கும் அதன் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கக் கெட்டியான அட்டை தேவைப்பட்டதாம். என் பூத்தையல் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி உள்ளே வைத்துவிட்டார்கள். மதர் கையெழுத்துப் போட்ட பாகம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவர் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சூசைக்கு மட்டும் எந்த நேரத்திலும் ஆறுதல் சொல்லத் தெரியும். இந்த மராமத்து தொடங்கிய நாளாக எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவன் சொன்னான்: "அழாதீங்க அண்ணி, நல்லொழுக்கம் தாங்காட்டிப் பரவாயில்லலா, கணக்கு இன்னும் கெட்டி அட்டை!"

அடுப்புக்கு விடுமுறை

பெட்ரோலில்தான் எல்லாவற்றையும் கழுவ வேண்டுமாம். வெயில் உதவாதாம், மழை உதவாதாம், குசினிதான் தோதாம். ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் தகரத்தில் பெட்ரோல், இந்தப் பக்கம் தவழ்கிற பிள்ளை. நான் அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அஞ்சடிப் பாதையில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பயமென்றால் சின்னப் பயமில்லை. தூக்கத்தில்கூடப் பிள்ளையின் தலையை முகர்ந்து பார்ப்பேன், பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று.

கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாயில் சுருட்டு. பற்றவைக்கவில்லை, தேடிக்கொண்டு வந்தது தீப்பெட்டியை. நான் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரித் தட்டார் கடையில் வேலை நின்றுபோனது. தெருவே பார்க்க, நிதானமாக என்னிடம் சொன்னார்: "இங்கிலீஷ் படிச்ச நீயே இப்படிப் பயந்தா, படிக்காதவங்க எப்படி முன்னேறுவாங்க?"

காணாமல் போன குண்டு

சக்கரத்தின் நடுவே சின்ன இரும்புக் குண்டுகள் இருக்கும். அவற்றின்மேல்தான் சக்கரம் சுற்றுகிறதாம். ஒருநாள் எல்லாவற்றையும் துடைத்துத் தட்டில் வைத்து எண்ணினார். ஒன்று குறைந்தது. "ஐயோ, குண்டைக் காணோமே!" என்று பாயைப் புரட்டினார், நடுவீட்டு விளக்கைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாகத் தவழ்ந்தார். அப்பா தவழ்வதைப் பார்த்துப் பாப்பா கைதட்டிச் சிரித்தாள். அவள் வாயோரத்தில் மசகு கறுப்பாக ஒட்டியிருந்ததை நான்தான் பார்த்தேன்.

வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினேன், ஒன்றுமில்லை. அவரோ பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். "உருண்டைச் சாமான்தானே, தானாக வந்துவிடும்" என்றார். அது வருகிற வரை நான் சோறு உண்ணவில்லை. கையில் ஜெபமாலை, மடியில் பிள்ளை, பக்கத்தில் அவள் துணிகள். ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்தேன். பெற்றவளுக்கு இதில் அருவருப்பு ஏது?

கடைசியில் வந்தது. நான் மாதா படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்து, பாப்பாவைக் குளிப்பாட்டி வருவதற்குள் அவர் அதை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, சக்கரத்துக்குள் வைத்து மசகும் அப்பிவிட்டார். பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசற்படியில் நின்றேன். முகமெல்லாம் மலரத் திரும்பினார்: "பாத்தியா, ஒரு கீறல்கூட விழலை!"

ஓட்டம்

வண்டி ஓடிற்று. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இந்த ஜாதி வண்டியை உட்கார்ந்துகொண்டு கிளப்ப முடியாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடவேண்டும். எஞ்சின் இருமத் தொடங்கியதும் சீட்டில் தாவி ஏறவேண்டும். என் வீட்டுக்காரர் ஓடினார். ஓடினார். ஓடிக்கொண்டே இருந்தார். எஞ்சினுக்கு இருமல் வரவில்லை, அவருக்குத்தான் வந்தது. எருமைக் கொட்டில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடினார். சூசை கூடவே ஓடி, "எட்டிக் குதி, எட்டிக் குதி!" என்று சொல்லிக்கொடுத்தான்.

நானும் வாசலில் நின்று பார்த்தேன். கிளம்பாமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டது மாதாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அன்னாசிப்பழம் ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் மரியாதையாக வேடிக்கை பார்த்தார். பிறகு உண்மையான பரிவோடு கூப்பிட்டுச் சொன்னார்: "ஐயா, அதை உட்டுட்டு வெறுங்கையோட ஓடுங்க, வெரசாப் போயிரலாம்!"

தராசு

ஒருவழியாக ஒருநாள் எஞ்சினும் இருமிவிட்டது. வண்டி கிளம்பின பிறகுதான் என் கேடுகாலம். எங்கோ படத்தில் பார்த்துவிட்டு, சீனக் கூடைக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பிரம்பு நாற்காலி ஒன்று பின்னவைத்தார். அதற்கு ஒற்றைச் சக்கரம். அதை மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் கொக்கிகள் போட்டு மாட்டிவிட்டால், அதில் குடும்பத்தையே ஏற்றிப் போகலாமாம். "ஞாயிற்றுக்கிழமை காத்தோங்கில் அக்கா வீட்டுக்கு விருந்து. நீயும் பாப்பாவும் இதில். சொல்லி அனுப்பிவிட்டேன்" என்றார். "முடியாது" என்றேன். கல்யாணமாகி நான் அவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்.

கோபித்துக்கொண்டார். நான் அழுதேன். பிறகு, முதலில் பாரம் ஏற்றி ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. எனக்குப் பதில் சூசை. பாப்பாவுக்குப் பதில் ஒரு பூசணிக்காய். எடை சரியாக இருந்தால்தான் பரிசோதனை செல்லும் என்று பாப்பாவை மரைக்காயர் கடைத் தராசில் உட்காரவைத்து, மறு தட்டில் பூசணிக்காய்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஒன்று பொருந்திற்று. பாப்பாவைத் தூக்கி என்னிடம் கொடுத்தபடி மரைக்காயர் சொன்னார்: "காய் வீணாப்போனா நான் வேற தர்றேன் தங்கச்சி, புள்ளைய மட்டும் கையை விட்டு எறக்காதே."

நல்லாச் செதறிச்சு

ஞாயிறு காலை. சூசை பிரம்பு நாற்காலியில் மாப்பிள்ளைபோல ஏறி உட்கார்ந்தான். மடியில் பூசணிக்காய். குளிர் தாக்காமல் இருக்க அதற்குப் பாப்பாவின் குல்லாயைப் போட்டு வேடிக்கை செய்தான். போகும்போது நன்றாகத்தான் போனார்கள். திரும்பி வரும்போது, எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால், கொக்கிகள் கழன்றன.

மோட்டார் சைக்கிள் ஒரு வழி போயிற்று, நாற்காலி வேறு வழி போயிற்று. இரண்டு கைகளாலும் பிரம்பைப் பிடித்துக்கொண்ட சூசை, மடியில் இருந்ததை விட்டுவிட்டான். அது மேலே எழும்பி, பாப்பாவோடு வாசலில் நின்ற எனக்கு முன்னால் ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. பாப்பாவின் தலையை என் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்பது தெரியாமல் என் வீட்டுக்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போகிறபோது சிரித்துக்கொண்டே கையை வேறு ஆட்டினார்.

நிறுத்தி, தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். சாக்கடையிலிருந்து சூசை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினான், எலும்பு எதுவும் முறியவில்லை. அவர் சூசையைப் பார்க்கவில்லை. ரோட்டில் சிதறிக் கிடந்ததையும், அதன் நடுவே கிடந்த குல்லாயையும் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார். அப்போது அந்தப் பக்கமாக வந்த பால்காரர் செம்பை இறக்கிவைத்துவிட்டு, புது வண்டிக்குக் கழிப்புக் கழிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்: "நல்லாச் செதறிச்சு தம்பி! திருஷ்டியெல்லாம் போச்சு, இனிமே பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டுத் தைரியமாப் போங்க!"

பெலான், பெலான்

விருந்துக்கு ரிக்ஷாவில் போனோம். நான் கேட்காமலே அவர் போய்க் கூட்டிவந்தார். பாப்பாவை என்னிடமிருந்து வாங்கித் தம் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். அவள் திமிறினாள், விடவில்லை. காத்தோங் வரும் வரைக்கும், மேடு பள்ளம் எது வந்தாலும், எதுவும் வராவிட்டாலும், "பெலான், பெலான்" என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாட்டுவண்டிகள் எங்களைத் தாண்டிப் போயின. நடந்து போனவர்களும் தாண்டிப் போனார்கள். கடைசியில் ரிக்ஷாக்காரர் நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, மலாயில் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "துவான், இதைவிட மெதுவாப் போகணும்னா நான் நிக்கத்தான் வேணும்."

ஆகச் சகோதரிகளே, அத்தனை நாள் கழற்றி மாட்டியதில் எங்கள் வீட்டில் பழுது தீர்ந்து ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது ஒன்றே ஒன்றுதான், அது என் வீட்டுக்காரரின் பயம்.