மிதி இறங்காத காலை

அறுபதுகளின் கடைசியில், பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் நடந்தது இது. அப்போது ஊரெங்கும் ஃப்ளூ காய்ச்சல். எனக்கும் சளி, இருமல், உடம்பு வலி எல்லாம் வந்து போயின. தேறிவிட்டோம் என்று நினைத்துத் தறியில் உட்கார்ந்தால், காலால் அழுத்தும் மிதிபலகை இறங்கவே இல்லை.

பேரப்பிள்ளைகளே, மிதி இறங்காவிட்டால் நெசவுக்காரன் கயிற்றைத்தான் சந்தேகப்படுவான். ஈரத்தில் இறுகியிருக்கும் என்று அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினேன். மறுநாள் இன்னும் கடினம். மறுபடியும் தளர்த்தினேன். கடைசியில் என் மனைவியின் தம்பி குழியில் இறங்கி மிதித்துப் பார்த்தான்.

"இன்னா மாமா, தொட்டாலே இறங்குது. கயிறு தொளதொளன்னு தொங்கிக்கினு இருக்குது. உங்க காலுதான் தூங்குது."

சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே எழுந்தேன். முழங்கால் மடங்கி அப்படியே விழுந்தேன். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டினார், கால் துள்ளவில்லை. காலில் தொடங்கிய பலவீனம் நெஞ்சுவரை ஏறினால் மூச்சு விட முடியாது என்பதால், அடிக்கடி வந்து என்னை ஊதச் சொல்லிப் பார்ப்பார். காய்ச்சல் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய என் உடம்பின் சக்தியே, கிருமி போன பின்னும் அடங்காமல் என் நரம்புகளைத் தாக்குகிறது என்றார்.

"ஏன் சார், என் நரம்பு என்னுதுன்னு என் ஒடம்புக்கே தெரியாதா?"

"அதைத்தாம்பா நாங்களும் தேடிட்டிருக்கோம். நீ இப்ப ஊது."

ஊதினேன். பயம் இருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விதான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. அசையாத காலைப் பார்த்தபடி கிடப்பேன். உள்ளே யார் யாரை அடையாளம் தெரியாமல் அடிக்கிறார்கள்?

பலவீனம் இடுப்போடு நின்றது, மூச்சுக்கு ஆபத்து வரவில்லை. தாக்குதல் ஓய்ந்ததும் நரம்புகள் ஆறின. மாதக்கணக்கில், விரல் விரலாகக் கால் திரும்பி வந்தது.

இப்போதும் வீட்டில் யாருக்காவது சளிக்காய்ச்சல் விட்டால், "கொஞ்சம் நடந்து காட்டு" என்பேன். என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் கேட்ட கேள்விக்கு என்றாவது உங்களில் ஒருவர் விடை கண்டுபிடித்தால், அதைக் கேட்க நான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.