விழ இடமில்லாத ஹால்

போன செவ்வாய்க்கிழமை மாலை நாலே முக்காலுக்கு எங்கள் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. அப்போதுதான் எல்லாம் கோணலாகப் போக ஆரம்பித்தது.

இல்லை... உண்மையைச் சொன்னால், அதற்குச் சில நாள் முன்பே, வண்ணாரப்பேட்டை ஃபர்னிச்சர் கடையில் நான் புத்திசாலித்தனமாக யோசித்தேனே, அப்போதே ஆரம்பித்துவிட்டது.

ஹாலுக்கு ஒரு சாமான் வேண்டும். என்ன சாமான்? என் கணவருக்கு ஷோகேஸ். கண்ணாடிக் கதவு, உள்ளே பொம்மைகள், நடுவில் அவர் கேரம் போட்டியில் வாங்கிய கப். எனக்கு, வரிசையாக டிராயர் வைத்த அலமாரி. இரண்டுக்கும் நடுவில் 'சைடு போர்டு' என்று ஒன்று. மேலே பார்த்தால் மேஜை, கீழே பார்த்தால் கப்போர்டு. மூன்றும் ஒரே நிறம், ஒரே வார்னிஷ் வாசனை. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிகள்.

"என்ன பாய் வித்தியாசம்?" என்று கேட்டேன்.

கடைக்கார பாய் சைடு போர்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப சிம்பிள்மா. ஷோகேஸு, வூட்டுக்கு வர்றவங்களுக்கு. டிராயரு, வூட்ல கீறவங்களுக்கு. இது, இன்னும் முடிவு பண்ணாதவங்களுக்கு."

நான் முடிவு செய்துவிட்டேன். எங்கள் திவ்யாவுக்கு ஏழு வயது. கண்ணாடிக் கதவைப் பார்த்தால் என் கண்ணுக்குக் கண்ணாடி தெரியாது, ரத்தம்தான் தெரியும். கப்போர்டு என்றால் குழந்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். டிராயர்? பாவம், டிராயர் என்ன செய்துவிடும்?

"காலையில் துடைத்த கண்ணாடியில் மத்தியானம் கரித்தூசி படியும். யார் துடைப்பது?" என்றும் கேட்டேன். கணவர் ஷோகேஸை விட்டு நகர்ந்து வந்தார். அவருக்கு வேலை அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில். தூசியைச் சட்டைக் காலரில் வீட்டுக்கு அழைத்து வருபவரே அவர்தான்.

அலமாரி மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் பின்பக்கம் இருந்த இரண்டு கிளாம்ப்பைக் காட்டினார். "மேடம், செவுத்துல ரெண்டு ஆணி அடிச்சி இத்த மாட்டிட்டா அசையவே அசையாது."

ஆணியா? எனக்கு வியர்த்துவிட்டது.

மாடியில் ஹவுஸ் ஓனரம்மா இருக்கிறார். நாங்கள் குடிவந்த அன்று அவர் போட்ட முதல் கண்டிஷன் அது. "வாடக ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனாகூட பரவால்ல. செவுத்துல மட்டும் ஆணி அடிக்காத." எங்கள் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கல்யாண போட்டோ ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது. சுவர் மட்டும் மாசு மறுவற்று இருக்கிறது.

கிளாம்ப்பைக் கழற்றி, பத்திரமாக, மேல் டிராயரிலேயே போட்டு வைத்தேன்.

அடுத்தது செங்கல். எங்கள் காலடிப்பேட்டையில் ஐப்பசி நெருங்கினால் பீரோவும் கட்டிலும் செங்கல் மேல் ஏறிவிடும். வீட்டுக்குள் தண்ணீர் வருகிற தெருக்களில் இது சம்பிரதாயம். மழை இன்னும் வரவில்லை. ஆனால் புது மரம் நனையலாமா? காலுக்கு இரண்டு செங்கல் வைத்துத் தூக்கி நிறுத்தினேன்.

அப்புறம்... கத்திரிக்கோல், பிளேடு, மாத்திரை, கொசுவத்தி. குழந்தை தொடக்கூடாத எல்லாவற்றையும் அலமாரி உச்சியில் வைத்தேன். எட்டாதே!

எவ்வளவு ஜாக்கிரதை, பார்த்தீர்களா?

செவ்வாய்க்கிழமை நான் பள்ளியில் பாடம் எடுத்து முடித்து வீடு வந்த கையோடு, திவ்யா பழங்களின் படத்தை வெட்டி நோட்டில் ஒட்ட வேண்டியிருந்தது. "அம்மா, கத்திரிக்கோல்..." என்றாள். அப்போதுதான் லாரி ஹாரன். "நான் வந்து வெட்டித் தர்றேன். நீ தொடாதே!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடங்களோடு ஓடினேன்.

முதல் குடம் நிறையவில்லை. வீட்டுக்குள்ளிருந்து 'தடார்' என்று ஒரு சத்தம்.

குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினால் கை நுழைகிற அளவு திறந்து நின்றுவிட்டது. உள்ளே ஏதோ முட்டுகிறது. "திவ்யா!" பதில் இல்லை. "திவ்யாம்மா!" ஒரு முனகல்கூட இல்லை.

அந்த அமைதியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பக்கத்து போர்ஷன் மேரி அக்கா என்னைப் பிடித்து இழுத்தார். "டீச்சர், கண்ண மூடிக்கினு தள்ளாத! கொயந்த கதவாண்ட கீதோ இன்னாவோ!" ஜன்னலுக்கு ஓடிப் பார்த்துக் கத்தினார். "டிராயரு ஒண்ணு கயண்டு கதவுக்கு முட்டு குடுத்துகினு கீது. புள்ள அங்க இல்ல. யோவ், இன்னாய்யா வேடிக்க பாத்துகினு நிக்கிறீங்க? வாங்கய்யா!"

எங்கள் தெருவில் தண்ணீர் வரிசையை விட்டு யாரும் நகர்ந்து நான் பார்த்ததில்லை. பிரசவ வலியே வந்தாலும் குடம் நகர்ந்த பிறகுதான் ஆட்டோ. அன்று நகர்ந்தார்கள். லாரி டிரைவர்கூட இறங்கி வந்து தோள் கொடுத்தார். டிராயர் நொறுங்கி, கதவு திறந்தது.

அலமாரி குப்புற விழுந்திருந்தது... இல்லை, விழவில்லை. பாதியில் நின்றிருந்தது. எதிரே இருந்த திவானின் விளிம்பில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கூடாரம் போல.

நடந்தது இதுதான். டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் படிக்கட்டு செய்து, கத்திரிக்கோலுக்காக மேலே ஏறியிருக்கிறாள் என் மகள். செங்கல் நழுவி, அலமாரி அவளோடு சேர்ந்து சரிந்திருக்கிறது. ஆனால் தரை வரை விழ அதற்கு இடம் இல்லை. 'ரெண்டு பேர் எதிரும் புதிருமா நடக்க முடியலியே, இதெல்லாம் ஒரு ஹாலா?' என்று நான் தினமும் திட்டுகிற அதே ஹால். இன்னும் ஓர் அடி அகலமாக இருந்திருந்தால்?

வேண்டாம். அந்தக் கணக்கை நான் போடப்போவதில்லை.

கூடாரத்துக்குள் குனிந்து பார்த்தேன். இரண்டு கண்கள்.

"ஏண்டி கூப்பிட்டா பேசல?"

"கத்திரிக்கோல் எடுத்ததுக்கு அடிப்பியோன்னு..."

தலை மேல் அலமாரி நிற்கிறது. அவளுக்குப் பயம் என்னைப் பார்த்து!

முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். மேரி அக்கா அவளைத் தூக்கி என் மடியில் போட்டு, "இந்தா, ஒண்ணும் ஆவல. நீ மொதல்ல தண்ணி குடி" என்றார். நான் முதல் வாயை அவளுக்குக் கொடுத்தேன்.

ஷிப்ட் முடிந்து கணவர் வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். ஷோகேஸ் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

கடைசியாக வந்தவர், தேரடிக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த ஹவுஸ் ஓனரம்மா. பையைக் கீழே வைத்துவிட்டு, சரிந்த அலமாரியைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். மாசு மறுவற்ற சுவரையும் பார்த்தார். திவ்யாவின் கன்னத்தைத் தடவியபடி என் பக்கம் திரும்பினார்.

"இன்னா டீச்சர், படிச்ச பொண்ணு நீ... செவுத்துல ரெண்டு ஆணி அடிச்சி மாட்டி வெச்சிருக்கலாம்ல? நான் இன்னா, வேணாம்னா சொல்லப் போறேன்?"