நேர்ந்த முடியும் கரிசலாங்கண்ணி எண்ணெயும்

மேல்மாடியில் யாரோ எண்ணெய் காய்ச்சுகிறார்கள். செம்பூரில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகு இந்த வாசனை எங்கள் ஜன்னலுக்கு இறங்கி வருவது இதுதான் முதல் தடவை. பச்சை இலை தேங்காயெண்ணெயில் வெந்து, கசந்து, கறுத்து, கடைசியில் லேசாக இனிக்கத் தொடங்கும் வாசனை. கரிசலாங்கண்ணி. வேறெதுவும் அப்படி மணக்காது. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். மூக்கு என்னைக் கேட்காமலே தாராவிக்குக் கிளம்பிவிட்டது, அறுபதுகளின் தாராவிக்கு. ஒரே அறை, தகரக் கதவு, பம்ப் ஸ்டவ், கொத்துக் கொத்தாய் என் தலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த முடி.

அந்த முடி அப்போது என்னுடையதாக இல்லை. தொல்லை அங்கேதான்.

கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த மறு வருஷம் அவருக்கு மஞ்சள்காமாலை. டிராம்பேயில் வெல்டர் வேலை பார்த்த மனுஷன். நெருப்பைப் பார்த்துப் பார்த்துச் சிவந்திருந்த கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று திருச்செந்தூர் முருகனிடம் சொன்னேன்: இவரைத் திருப்பிக் கொடு, என் முடியை முழுசாக எடுத்துக்கொள். இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி. பேரம் தெரியாத வயது; என்னிடம் இருந்ததில் பெரியதைச் சொன்னேன். பிழைத்தார். ஆனால் அவருடைய லீவெல்லாம் படுக்கையிலேயே கரைந்துவிட்டது. ஊருக்குப் போவது அடுத்த சித்திரையில்தான் என்றாயிற்று. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நேர்ந்த தலையில் கத்தரி படக் கூடாது. நுனியைக்கூட வெட்டக் கூடாது. வாரலாம், பின்னலாம், பூ வைக்கலாம். மற்றபடி காவல் காப்பது மட்டும்தான் நம் வேலை.

மழைக்காலத்தில் எனக்கு டைபாய்டு வந்தது. அதுவும் போயிற்று. வாய் ருசி திரும்பி, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ள ஆரம்பித்த பிறகு, ஆபத்தெல்லாம் தாண்டிவிட்டது என்று நான் நம்பிய நாட்களில், முடி கொட்டத் தொடங்கியது. சீப்பை வைத்தால் சீப்போடு வந்தது. தலையணையில், ரசத்தில், அவர் சட்டைப் பொத்தானில், நான் பிளவுஸ் தைக்கும் மிஷினின் சக்கரத்தில். சக்கரம் முடியைச் சுற்றிச் சுற்றி நின்றே போகும். மாட்டுங்காவில் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார்.

“டைபாய்டுக்கு அப்புறம் இப்படித்தாம்மா கொட்டும். தானா நிக்கும். தானா வளரும்.”

“எப்ப டாக்டர் வளரும்?”

“அதுக்கு வருஷம் ஆகும். என்ன அவசரம்?”

அவசரம் சித்திரை. சாமியிடம் நிறைந்த தலையைக் காட்டிவிட்டு, சந்நிதியில் சப்பிப்போட்ட மாங்கொட்டையைப் போலப் போய் உட்காருவதா? கொடுத்த சொல்லில் பாதியைக் கழித்துக்கொண்டது போல ஆகாதா? அவர் உடம்புக்குத் திரும்பிய உயிரில் பாதியைச் சாமியும் கழித்துக்கொண்டால்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் கண்ணை மட்டும் தினமும் காலையில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டேன்.

உதிர்ந்த முடியை விரலில் சுற்றி, துப்பி, கட்டரில் எறிவதுதான் வழக்கம். முருகனுக்கென்று சொன்னதைச் சாக்கடையில் எப்படிப் போடுவது? பழைய தலையணை உறை ஒன்றை ஆணியில் மாட்டினேன். விழுந்ததெல்லாம் அதற்குள் போயிற்று.

அடுத்த அறையில் மேலப்பாளையத்துக்காரி ஒருத்தி. கணவருக்குத் தோல் பெல்ட் செய்யும் பட்டறை. என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒருநாள் வாசலில் நின்று என் தலையைப் பார்த்தாள்.

“ஏளா, இது தலையா, வேப்ப மரமா? நித்தம் கூட்டி அள்ளுதியே!”

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அப்படியே நிறுத்திக்கொண்டாள். மறுநாள் கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்து நல்லெண்ணெயில் போட்டுக் கொண்டுவந்தாள். “எங்க வீடுகள்ல இதுக்கு மிஞ்சி ஒண்ணும் கெடையாது. தேயி.”

தேய்த்தேன். கொட்டியது.

பிளவுஸ் தைத்துக் கொடுக்கப் போகும் மாட்டுங்கா வீட்டில் மாமி என்னைத் திருப்பி நிறுத்தி வகிட்டைப் பார்த்தாள்.

“ஏண்டிம்மா, பேசாம கிராப்பா வெட்டிண்டுடு. காய்ச்சல் முடி. வேர் செத்துப் போயிடுத்து. வெட்டினாத்தான் புதுசா வரும்.”

“நேர்ந்த முடி மாமி.”

“யாருக்கு?”

“திருச்செந்தூருக்கு.”

மாமி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பால்கனித் தொட்டியிலிருந்த செம்பருத்தியை மொட்டையாக்கி, இலையெல்லாம் பறித்து என் பையில் திணித்தாள். “வெந்தயத்தை ஊறப்போட்டு இதோட அரைச்சுப் பூசிக்கோ. காப்பாத்தியே ஆகணும்டீ, வேற வழி இல்லை.”

பூசினேன். வழவழவென்று குளிர்ந்தது. கொட்டியது.

சின்ன வெங்காயச் சாறு என்று இன்னொருத்தி. தாராவிக் கடைகளில் பெரிய சிவப்பு வெங்காயம்தான். சின்னதுக்கு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். உரித்து, இடித்து, பிழிந்து, கண்ணீரோடு தேய்த்துக்கொண்டு படுத்தால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

“ஏட்டி, நான் பொண்டாட்டி கூடப் படுக்கேனா, சாம்பார் கூடப் படுக்கேனா?”

ஒரு சங்கதி ஊர்க்காரர்களுக்குப் புரியாது. மருந்தெல்லாம் இலையும் விதையும்தான், காசு பெரிதில்லை. செலவு தண்ணீரில். எண்ணெய்த் தலையைச் சீயக்காய் போட்டு அலச ஒரு பால்டித் தண்ணீர் போதாது. எங்கள் சந்துக்கு ஒரே குழாய், விடியற்காலையில் கொஞ்ச நேரம். அதில் சண்டை, முடியைப் பிடித்து இழுக்கிற சண்டை, என் தலையிலோ இழுக்க முடியும் இல்லை. குழாயடியில் ராத்தா பொதுவாக ஒரு சத்தம் போட்டாள்: “இந்தப் புள்ள தலைக்கு ஊத்துற அன்னைக்கு ஆளுக்கு ஒரு செம்பு குடுங்க! நேர்ச்சக்கார தலை!” கொடுத்தார்கள். மராத்திக்காரி ஒருத்தி காரணம்கூடக் கேட்காமல் குடத்தோடு கவிழ்த்துவிட்டுப் போனாள். அந்த ஈரத்தை இப்போதும் பிடரியில் உணர்கிறேன்.

கரிசலாங்கண்ணி என் சொந்த யோசனை. மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் நடுவே ரயில் பாதையோரம் சாக்கடை நீர் பாய்ச்சிக் கீரை போட்டிருப்பார்கள். வரப்பு ஈரத்தில் வெள்ளைப் பூவோடு அது தானாக முளைத்துக் கிடக்கும். கீரைக்காரன் களையென்று பிடுங்கி எறிந்ததை நான் முந்தானையில் அள்ளி வந்தேன். அம்மியில் அரைத்தால் பச்சைச் சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். உள்ளங்கையும் கறுக்கும். தேங்காயெண்ணெயில் ஊற்றி, ஸ்டவ்வைத் தணித்து, சடசடப்பு அடங்கி அடிவண்டல் மணல் மாதிரி விரலில் நெருடும்வரை கிண்ட வேண்டும். கொஞ்சம் தாண்டினால் கருகும். புகையில் நின்றபடி பாத்திரத்தோடு பேசுவேன். நில்லு, நில்லு, சித்திரை வரைக்கும் நில்லு.

பங்குனியில் கொட்டுவது நின்றது. நிஜமாகவே நின்றது, சீப்பு சீப்பாகவே திரும்பி வந்தது. ஆனால் நின்றபோது மிச்சம் இருந்தது எலிவால். வகிடு தெருவைப் போல அகன்றிருந்தது. இதைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கிளம்ப இருந்த வாரத்தில் ஒருநாள் மாட்டுங்காவிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் ஆணியில் தலையணை உறை இல்லை.

அறையே மூன்று எட்டு நீளம்தான். எங்கே தேடுவது? பாயை உதறினேன், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். குப்பையென்று அவர் எறிந்துவிட்டாரா? பாத்திரத்துக்கு முடி வாங்கும் கூடைக்காரி யாராவது தூக்கிப் போய்விட்டாளா? தலையில் இல்லாத பாதி உறையிலாவது இருந்தது, அதுவும் போயிற்று என்று கதவோரம் உட்கார்ந்து அழுதேன். அவர் வேலையிலிருந்து வந்தவர் டிபன் டப்பாவைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். “நான் தொடல்லட்டி. சத்தியமாத் தொடல்ல.”

ராத்தாவைத்தான் கேட்கவில்லை. அவளே வந்தாள். கையில் செய்தித்தாள் பொட்டலம். பிரித்தாள்.

ஒரு சவுரி. நீளமாக, கறுப்பாக, கரிசலாங்கண்ணி மணக்க, உச்சியில் நூல் கட்டி, மூன்று கால்களாகத் தொங்கியது.

“லைன் ஓரம் சவுரி கட்டுதாளே, கோயில்பட்டிக்காரி, அவகிட்ட குடுத்தேன்ளா. ஆணிப் பலகையில வச்சு இழுத்து இழுத்துச் சிக்கெடுத்தா. உன் முடி தவிர வேற ஒரு முடி சேக்கக் கூடாதுன்னு பக்கத்துலயே குந்தி இருந்தேன்.”

“ராத்தா! அது சாமி முடி!”

“அதத்தான சொல்லுதேன். முழு முடின்னுதான உங்க சாமிக்குச் சொன்ன? பாதித் தலையோட போயி, இன்னொரு கையில மூட்டையையும் நீட்டுவியா? பாக்க நல்லாவா இருக்கும்? விழுந்தத விழுந்த எடத்துலயே கட்டிக்க. பின்னு. பூ வையி. தலையோட குடு.”

 சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று யாரைக் கேட்பது? அவரைப் பார்த்தேன். அவர் சவுரியைக் கையில் வாங்கி, எடை பார்ப்பது போல ஆட்டினார்.

“கடன் வாங்குன முடியா, களவாண்ட முடியா? உன் முடிதானட்டி. முருகனுக்குத் தெரியாதா, எது யார் முடின்னு?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். காமாலைக்குப் பிறகு அந்த அறையில் அவர் அப்படி வயிறு குலுங்கச் சிரித்ததே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. ராத்தா என்னை உட்காரவைத்துச் சவுரியைக் கோத்துப் பின்னினாள். பின்னல் முதுகில் விழுந்து இடுப்பைத் தாண்டிய அந்தப் பழைய பாரத்தை உணர்ந்ததும் தோள் இரண்டும் தானாகத் தளர்ந்தன. அத்தனை மாதமாக அவற்றை நான் தூக்கிப் பிடித்திருந்தேன் என்பது அதுவரை எனக்குத் தெரியவே தெரியாது. அன்று சாயங்காலம் நன்றாகப் பசித்தது.

பின்னும்போதே அவள் என் நெற்றியோரத்தை விரலால் தடவினாள். “ஏளா, இங்க பாரு. பூனை முடி! புதுசு!” கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி விளிம்பு நெடுக, மழை பெய்த மறுநாள் புல் முளைத்த தரையைப் போல. கருஞ்சீரகம் என்றாள் ராத்தா. செம்பருத்தி என்று மாமி சாதித்தாள். எனக்கென்னவோ அந்தக் கறுத்த எண்ணெய்தான். டாக்டரைக் கேட்டிருந்தால் தானாகவே என்றிருப்பார். எல்லோரும் ஜெயித்ததாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருச்செந்தூரில் முடி இறக்கியவர் பின்னலைத் தூக்கிப் பார்த்துக் கைப்பழக்கத்தில் முடிச்சைக் கண்டுகொண்டார். “எல்லாம் ஒன்னதுதானம்மா?” என்றார். எல்லாம் என்றேன். சவுரியை அவிழ்க்காமலே தலையை நனைத்தார். கடல் காற்று வெறும் தலையில் பட்டபோது வந்த லேசை எழுத இன்னும் எனக்கு வரி கிடைக்கவில்லை.

ஆனால் இந்த வாசனை என்னை அங்கே கொண்டுபோகவில்லை. அதற்குச் சில நாள் முந்தி, வி.டி. ஸ்டேஷனில், மதராஸ் வண்டியின் ஜன்னலோரம் கொண்டுவந்து உட்காரவைக்கிறது. வழியனுப்ப ராத்தா வந்திருந்தாள். பின்னல் என் மடியில் கிடந்தது. வண்டி அசைந்ததும் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூட நடந்தாள்.

“திரும்பி வரையில வெறுந்தலையோட வெயில்ல அலையாதளா. முக்காடு போட்டுக்க.”

“நான் முக்காடு போட்டா நம்ம சந்துல எல்லாரும் உங்க தங்கச்சின்னுல நெனைப்பாக, ராத்தா?”

“நெனைக்கட்டுமே. பொய்யா என்ன?”