மிளகாய்க்குப் பிறகு அரைத்த அரிசி

வில்லியனூரில் ஹபீப் முகமது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டைப் பாய் என்று கேட்டால் எந்தத் தெருவிலும் கை காட்டுவார்கள். அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்காரப் பிடிக்காமல் அறுபத்தெட்டாம் வருஷம் நான்கு மிஷின்களோடு தட்டச்சுப் பள்ளி ஆரம்பித்தவர். பாகூர், செலியமேடு என்று எங்கெங்கிருந்தோ சைக்கிளில் வந்து அவரிடம் கற்றவர்கள் எல்லாம் ஆபீஸ்களில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் லோயர் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். என் விரல்தான் காரணம் என்பார் அவர், அவருடைய மிஷின்தான் என்பேன் நான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் இந்தச் சண்டை ஓயவே இல்லை.

எண்பத்தொன்பதில் டவுனில் இருந்த ஒரு பயிற்சிக் கழகம் அவருக்கு இரண்டு கம்ப்யூட்டர்களை ஆறு மாதம் வைத்துப் பார்க்கக் கொடுத்தது. ஆறாம் மாதம் ஒருவர் வந்து கேள்வி கேட்பார். பதில் சரியென்றால் கம்ப்யூட்டர்கள் இங்கேயே இருக்கும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். ஐம்பது வயதில் அந்தப் பெட்டிகளைப் பார்த்துப் பாய் குழந்தையாகிவிட்டார். தூசி படும் என்று தன் கல்யாணச் சால்வையைப் போர்த்தி வைத்திருந்தார். அவை போய்விட்டால் மனிதர் படுத்துவிடுவார் என்று எனக்கே பயமாக இருந்தது.

சிக்கல் என்னவென்றால், கழகம் அனுப்பிய புதுப் பாடத்தில் ஃபங்ஷன், மெத்தட் என்று இரண்டு இருந்தன. இரண்டுமே கம்ப்யூட்டருக்கு 'இப்படிச் செய்' என்று சொல்லிவைக்கும் வேலைதான். ஃபங்ஷன் தனியாக நிற்கும், மெத்தட் ஏதாவது ஒரு பொருளுக்குள் குடியிருக்கும் என்று போட்டிருந்தது. குடியிருந்தால் என்ன வித்தியாசம் என்று போடவில்லை. சோதிக்க வரும் மணவாளன் சார் அதைத்தான் முதலில் கேட்பார் என்று தகவல் வேறு வந்தது.

பாய் ஒரு வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்தார். ஆடு கத்துவது மெத்தட். ஆட்டை விட்டுவிட்டுக் கத்தலை மட்டும் வாங்கிவர முடியாது. மாரிமுத்துவின் மாவு மில் ஃபங்ஷன்; யார் எவர் என்று கேட்காது, போட்டதுதான் வரும். இந்த மில் உதாரணத்தில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. சுவர் வழியாக என்னைக் கூப்பிட்டு மூன்று முறை சொன்னார்.

சோதனைக்கு முந்தின நாள், மணவாளன் சாருக்குப் போட வேண்டிய இடியாப்பத்துக்கு அரிசி அரைத்துவர அவர் மனைவி ரசியா அவரை அனுப்பினார். நானும் கோதுமையோடு கூடப் போனேன். மில்லில் ஒரே மிஷின்தான். ஆறு பெண்கள் அரிசித் தூக்குகளோடு உட்கார்ந்திருக்க, மிஷின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பவுனம்மாள் அப்போதுதான் மூன்று கிலோ மிளகாய் அரைத்து முடித்திருந்தாள். எங்கள் ஊரில் மிளகாய்க்குப் பிறகு அரிசி போடும் பைத்தியம் கிடையாது. வேறு யாராவது வேறு எதையாவது முதலில் போடட்டும் என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பார்கள். என் கோதுமையை எல்லாரும் ஆசையாகப் பார்த்தார்கள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

பாய் நேராகப் போய்த் தூக்கைத் திறந்தார்.

"பாய், மொளகா ஓட்டிக்கீறேன். ரெண்டு கை தவுடு போட்டு ஓட்டிக்கலாம், இரு," என்றார் மாரிமுத்து.

"மிஷினுக்கு இன்னா ஞாபகமா இருக்கப்போவுது? போட்டதுதான்பா வரும். இது ஃபங்ஷன்."

"இன்னாவோ சொல்ற. நான் சொல்லிட்டேன், அவ்ளோதான்."

பாய் கொட்டினார். உடனே ஆறு பெண்களும் எழுந்து அவருக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். "நல்லா இருப்ப பாய்," என்று முதலில் நின்றவள் மனசார வாழ்த்தினாள்.

ரசியா தூக்கைத் திறந்ததும் தும்மியது எங்கள் வீட்டில் கேட்டது. ஒன்பது தும்மல், எண்ணினேன்.

"இன்னாங்க, மாவு செவந்து கெடக்குது? மொளகாய்க்கு அப்புறம் போட்டீங்களா?"

"போட்டா இன்னா? மில்லுன்றது ஒரு ஃபங்ஷன், ரசியா..."

"சரி. நாளைக்கு உங்க ஃபங்ஷன நீங்களே அவருக்குப் பரிமாறுங்க."

மறுநாள் காலை ஏழரைக்கே மணவாளன் சார் வந்துவிட்டார். மெலிந்த, சாதுவான மனிதர். துணைக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். இடியாப்பம், தேங்காய்ப்பால், மேலே சர்க்கரை. நானும் தின்றேன், அதனால் சொல்கிறேன்: முதலில் இனித்தது, பிறகு உச்சந்தலை வரை ஏறியது. மணவாளன் சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, குரல் வராமல் தட்டைக் காட்டி இது என்ன என்பதுபோல் பார்த்தார்.

பாயும் அப்போதுதான் ஒரு வாய் வைத்திருந்தார். கம்ப்யூட்டர் போயிற்று என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அரிசி பழசு என்று ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைக்கக்கூடாதா இந்த மனிதர்? பாய் மூக்கு ஒழுக எழுந்து நின்றார்.

"சார், இது மெத்தட்."

மணவாளன் சாருக்கு விக்கல் எடுத்தது.

"நான் ஃபங்ஷன்னு நெனச்சி அரைச்சிட்டேன் சார். ஏழையும் எட்டையும் கூட்டுன்னா, எங்க வெச்சிக் கூட்டினாலும் பதினஞ்சி. குடுத்தத மட்டும்தான் பார்க்கும், அதுக்கு வூடு வாசல் கெடையாது. அது ஃபங்ஷன். ஆனா அரைக்கிறது மில்லோட வேல. மில்லு வவுத்துல ஏற்கனவே இன்னா கீதோ அதையும் சேத்துதான் அரைக்கும். அரிசி என்னுது, காரம் மில்லோடது. இதே அரிசி வேற மில்லுக்குப் போயிருந்தா வேற மாவு வந்திருக்கும். அதான் சார் வித்தியாசம். ஊர்ல அத்தினி பொம்பளைங்களுக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல."

மணவாளன் சார் இன்னொரு செம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். "முப்பது சென்டர் போயிட்டு வந்தேன். எல்லாரும் புத்தகத்த ஒப்பிச்சாங்க. எனக்கே இப்பதான் நல்லாப் புரியுது," என்றார்.

அங்கேயே காகிதத்தை எடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னதும் அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டார். பாய் அந்தக் காகிதத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் சந்தோஷத்தில் கண் நிறைந்தது.

"இன்னா எழுதிக்கீறாரு? படிங்க," என்று ரசியா ஓடி வந்தார்.

"ஆசிரியருக்குப் பாடம் நன்றாகப் புரிந்திருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்களும் இங்கேயே இருக்கலாம்."

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். இந்த சென்டருக்குச் சோதனைக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரவும் என்று எழுதியிருந்தது. பாய் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருபத்தைந்து வருடக் குடும்பத்தில் அவர் ரசியாவிடம் மறைத்தது அந்த ஒரு வரியைத்தான்.